சங்காயத்துக்கு விலை வந்தது போல கவருக்கும் ஒரு விலை வையுங்கள்

மதிப்பிற்குரிய ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், நம் கடலோர நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

பாம்பன் தீவில் ஒரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். வீட்டுக் குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் குடும்பங்களுக்கு ஏதாவது ஊக்கத்தொகை கொடுத்தால் என்ன என்ற பேச்சு கூட்டங்களில் அவ்வப்போது எழும்பும். டீ வந்ததும் அடங்கிவிடும். இந்த முறை அடங்க விடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊக்கத்தொகை கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் குலுக்கல் சீட்டு, வெள்ளிக் காசு, எவர்சில்வர் தட்டு, மேடையில் சால்வை என்று அதைத் திருவிழா ஆக்கிவிடாதீர்கள். இன்றைக்கு விலை போகாத பிளாஸ்டிக்குக்கு ஒரு விலை வையுங்கள். சின்ன விலை போதும். வருஷம் முழுக்க, கொண்டுபோய்க் கொடுத்தால் கையில் கிடைக்கிற விலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழசைப் போட்டுப் புதுசு வாங்குவது எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயம் இல்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது வருகிறவர் வண்டியில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார். பேரீச்சம்பழத்துக்குப் பதில் காசு, இல்லாவிட்டால் வெங்காயம், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் குடம். அவர் மூட்டையைப் பிரிக்கிற வேகத்தை ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். சாக்கை அப்படியே தரையில் கவிழ்ப்பார். தண்ணீர் பாட்டில் ஒரு பக்கம். உடைந்த வாளி, நாற்காலிக் கால் மாதிரியான கட்டிப் பிளாஸ்டிக்கை விரலால் ஒரு சுண்டு. சத்தத்தை வைத்தே எது எந்தச் சாக்குக்கு என்று முடிவு செய்துவிடுவார். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார், நனைந்திருந்தால் எடையில் கழிப்பார். எல்லாம் முடிந்ததும் தரையில் ஒரு மிச்சம் கிடக்கும். பிஸ்கட் கவர், சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட், ஊறுகாய் பாக்கெட், எண்ணெய் கவர், ஹோட்டலில் சாம்பார் கட்டிக் கொடுத்த பை. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "அக்கா, இது போகாது" என்று தராசை மடக்குவார்.

அந்த "போகாது" குவியலுக்குத்தான் நான் விலை கேட்கிறேன். பாட்டிலுக்கும் அட்டைக்கும் தகரத்துக்கும் ஊக்கம் தேவையில்லை. அவற்றுக்குச் சந்தை இருக்கிறது, குப்பைமேட்டில் கிடந்தாலும் யாராவது பொறுக்கிவிடுவார்கள். அரசுப் பணத்தை அங்கே கொட்டினால் காயலான் கடைக்காரர் பிழைப்பில் மண் விழும், கூடுதலாக ஒரு பாட்டில்கூட மீளாது.

ஓரமாகத் தள்ளிய குவியல் எங்கே போகிறது? பாதி, கொல்லையில் தென்னை மட்டையோடு சேர்ந்து எரியும். அந்தப் புகையை நாங்களும் எங்கள் பிள்ளைகளும்தான் மூச்சில் இழுக்கிறோம். மீதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். இந்தத் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் எங்கள் குப்பை வடகடலுக்கு, வாடை அடித்தால் தென்கடலுக்கு. தென்கடலான மன்னார் வளைகுடாவில்தான் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த 560 சதுர கிலோமீட்டரும், அதற்குள் 21 தீவுகளும், பவளப்பாறையும், ஆவுளியா என்கிற கடல்பசு மேய்கிற கடல்புல்லும் இருக்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தி எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. நல்ல காரியங்கள். மஞ்சப்பை எங்கள் வீட்டுக் கதவிலும் தொங்குகிறது. ஆனால் அந்தப் பைக்குள் வாங்கிப் போடுகிற ஒவ்வொரு பொருளும் கவருக்குள்தானே இருக்கிறது?

விலை என்றால் என்ன என்று கடற்கரைக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். சங்காயத்தைப் பாருங்கள். இழுவை மடியில், அதாவது விசைப்படகு இழுக்கிற வலையில், நல்ல மீனோடு ஏறி வருகிற பொடி மீன், குஞ்சு நண்டு, பேர் தெரியாத கழிசல் எல்லாம் சேர்ந்ததுதான் சங்காயம். ஒரு காலத்தில் அதைக் கடலிலேயே வாரி எறிந்துவிட்டு வருவார்கள். மீன் மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் ஆலைக்காரர்கள் கேட்க ஆரம்பித்ததும் கூடை கூடையாகக் கரை இறங்கியது. இன்றைக்குச் சங்காயத்தை வீணாக விட யாருக்கும் மனசு வராது. அதற்காக யாரும் விழிப்புணர்வுப் பேரணி போகவில்லை, சுவரில் வாசகம் எழுதவில்லை. வாங்க ஆள் வந்தது, பொருள் கரைக்கு வந்தது.

சரி, அதே சங்காயத்தின் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். விலை வந்த பிறகு மடிக் கண்ணைச் சிறிதாக்கி, வளர வேண்டிய குஞ்சையும் சேர்த்து வழித்து வருகிற பழக்கம் கூடிப்போனது. தற்செயலாக ஏறி வந்த கழிசல், தேடிப் போய்ப் பிடிக்கிற சரக்காகிவிட்டது. குப்பைக்கு விலை வைக்கும்போதும் இந்த ஆபத்து உண்டு. விலை கொஞ்சம் தாராளமாகிவிட்டால், கடைக்காரர் தன் கடைக் குப்பையை வீட்டுக் குப்பை என்று கொண்டுவருவார்; மொத்த வியாபாரி பக்கத்து மாவட்டத்திலிருந்து லாரியில் இறக்குவார்; பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் குப்பைமேட்டில் இறங்குவார்கள். ஆகவே விலை சின்னதாக இருக்கட்டும், வீட்டு எண்ணோடு கட்டிப் போட்டதாக இருக்கட்டும், மாதத்துக்கு ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் இருக்கட்டும்.

பரிசைவிடச் சிறந்தது, பொருளைத் திருப்பிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கிற முன்பணம். அதையும் நாங்கள் ஏற்கெனவே பழகியிருக்கிறோம். காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற மாவட்டம் இது. 20 லிட்டர் கேன் இல்லாத வீடு குறைவு. அந்தக் கேன் கடற்கரையில் அநாதையாகக் கிடந்து பார்த்திருக்கிறீர்களா? கிடக்காது. கடைக்காரர் முதல் கேனுக்கு முன்பணம் வாங்கியிருக்கிறார், அதனால் கேன் ஓட்டையாகிற வரை சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே ஒரு லிட்டர் பாட்டில்கள் சிதறிக் கிடக்கும். இரண்டும் ஒரே தண்ணீர்தான், பிளாஸ்டிக்தான்.

இதையே அரசும் செய்து பார்த்துவிட்டது. உயர்நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. அப்புறம் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. யானை காலில் குத்துகிறது என்று மலையில் ஆரம்பித்தது அது. இங்கே கரைவலை இழுக்கிறவர்கள் வெறுங்காலோடு மணலில் பின்வாங்கிப் பின்வாங்கி நடக்கிறார்கள். மணலுக்குள் புதைந்த பாட்டில் ஓடு அவர்கள் காலைத்தான் பதம் பார்க்கும். ஆகவே இந்தக் கரையில் ஒவ்வொரு கடையிலும் அந்தப் பத்து ரூபாயை முறுக்காக நடத்துங்கள். வாங்க மறுக்கிற கடை, "நாளைக்கு வா" என்கிற கடை, லேபிள் கிழிந்திருக்கிறது என்று நொட்டை சொல்கிற கடை, மூன்றும் திட்டத்தைக் கொல்கிற கடைகள்தான்.

கேதார்நாத் பாதையில் 2022-லிருந்து தண்ணீர் பாட்டிலுக்கும் இப்படி 10 ரூபாய் முன்பணம் வைத்து, ஒட்டிய குறியீட்டை ஸ்கேன் செய்து திருப்பித் தருகிறார்கள். காசிக்குப் போகிறவர் ராமேஸ்வரத்துக்கும் வந்துதானே தீர வேண்டும்? தனுஷ்கோடி, அரியமான், அக்னி தீர்த்தக் கரைக் கடைகளில் அதைச் செய்யலாம். யாத்திரை வருகிறவர்கள் தீர்த்தத்தில் விட்டுப்போகிற துணிமணி பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. அது தனிக் கதை.

இப்போது கவருக்கு வருகிறேன். ஷாம்பு பாக்கெட்டுக்கு முன்பணம் வைப்பது உங்கள் கையில் இல்லை. அதற்கு விலைதான் வழி. விலையை எப்படி அளப்பது என்பதில்தான் இந்த மாதிரித் திட்டங்கள் குப்புற விழுகின்றன.

கிலோவுக்கு இவ்வளவு என்று வைத்தால் வேலைக்கு ஆகாது. ஒரு ஷாம்பு பாக்கெட் ஒரு கிராம்கூடத் தேறாது. ஆயிரம் சேர்ந்தாலும் ஒரு கிலோ சந்தேகம்தான். ஒரு குடும்பம் மாதம் பூரா சேர்த்துக் கொண்டுபோனால் தராசு முள் மெல்ல அசைந்து இரண்டு ரூபாய் காட்டும். அடுத்த மாதம் அந்தப் பெண் வர மாட்டாள். போதாததற்கு, எடைக்குக் காசு என்றால் சிலர் நனைத்துக் கொண்டுவருவார்கள், சிலர் மணல் சேர்ப்பார்கள். கடற்கரையில் மணலுக்கா பஞ்சம்! சத்தீஸ்கரில் அம்பிகாபூரில் 2019-லிருந்து ஒரு கிலோ பிளாஸ்டிக் கொண்டுவந்தால் முழுச் சாப்பாடு போடுகிறார்கள். தெருவில் பொறுக்குகிறவர்களுக்கு அது நல்ல திட்டம், கையெடுத்துக் கும்பிடலாம். வீட்டில் சேர்க்கிறவர்களுக்கு ஒரு கிலோ என்பது ரொம்ப தூரம்.

கவரையெல்லாம் தண்ணீர் பாட்டிலுக்குள் திணித்து அடைக்கச் சொல்கிற பழக்கமும் பள்ளிகளில் இருக்கிறது. படம் எடுத்தால் அழகாக இருக்கும். ஆனால் விலை போகிற பாட்டிலுக்குள் விலை போகாததை அடைத்து இரண்டையும் கெடுக்கிற வேலை அது. வேண்டாமே.

பையால் அளந்து வாங்குங்கள். வீட்டுக்கு ஒன்று, எண் போட்டது. அந்தப் பையைப் பழைய வலையில் தைக்கலாம். சின்னக் கண் வலையாக எடுத்தால் கவர் வெளியே விழாது. ஈரம் வடியும், மணல் உதிரும், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்காமலே தெரியும். அடுப்படிச் சுவரில் ஒரு ஆணியில் தொங்கவிட்டால் இடமும் அடைக்காது. நிறைந்த பையை, காய்ந்ததாக, அமுக்கி அடைத்ததாகக் கொடுத்தால் 10 ரூபாய். கையோடு வெறும் பையும் திரும்பக் கிடைக்க வேண்டும். மீன் கவிச்சி அடிக்கிற கவரை யாரும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தால், பாத்திரம் கழுவிய தண்ணீரில் அதையும் ஒரு அலசு அலசிக் காயப் போடுவார்கள். கருவாடு காயப்போடுகிறவர்களுக்குக் கவர் காயப்போடத் தெரியாதா?

பத்து ரூபாய்க்கு யார் மெனக்கெடுவார்கள் என்று உங்கள் அலுவலர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2023 செப்டம்பரிலிருந்து பல பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் உரிமைத்தொகை வங்கியில் ஏறுகிறது. அதன் பக்கத்தில் பத்து ரூபாய் எடுபடாதுதான். அதனால் அதைக் கையில் சில்லறையாகவும் வாங்கலாம், குழுவில் சந்தாவாகவும் கழித்துக்கொள்ளலாம் என்று இரண்டு வழி வையுங்கள். சந்தா கட்ட முடியாத வாரம் கூட்டத்துக்கு வராமல் வயிற்றுவலி என்று சொல்லி அனுப்புகிற பெண்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அவர்களுக்கு மாதம் இரண்டு பை என்பது கூட்டத்தில் தலை நிமிர்ந்து உட்காருகிற காசு. வாங்குகிற இடம் ரேஷன் கடை வாசலாக இருக்கட்டும். அங்கே எப்படியும் வருகிறோம், எப்படியும் காத்துக் கிடக்கிறோம். தனியாக ஒரு மையம் கட்டி, ஊருக்கு வெளியே வைத்து, ரிப்பன் வெட்டினால் அதோடு முடிந்தது.

வீட்டு வரியில் தள்ளுபடி கொடுக்கலாமே என்ற யோசனையும் படித்தவர்கள் மத்தியில் இருக்கிறது. நகராட்சிகளில் அரையாண்டு வரியை முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் குறைக்கிற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. அதே மாதிரி குப்பை பிரித்தால் இன்னும் கொஞ்சம் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குப்பையைப் பிரிக்கிறவள் வாடகை வீட்டுப் பெண். தள்ளுபடி போவது வீட்டுக்காரருக்கு. கடலோரப் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கிறவருக்குத் தள்ளுபடி செய்ய வரியே கிடையாது. கடலுக்கு நூறடியில் இருக்கிற வீடுகளை விட்டுவிட்டு எந்த வீட்டுக்கு ஊக்கம் கொடுக்கப் போகிறோம்?

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று நடக்க வேண்டும். வீட்டில் ஒருத்தி மூன்று வாளி வைத்துப் பிரித்துக் கொடுக்க, வண்டி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகிற காட்சியை இந்த மாநிலத்தில் பார்க்காதவர்கள் குறைவு. ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு எந்த ஊக்கத்தொகையும் அவளை அசைக்காது. வண்டியில் இரண்டு தடுப்பு கட்டாயம் வேண்டும். ஈரக் குப்பை தனியாகப் போனால் வாங்க ஆள் இருக்கிறது: தங்கச்சிமடம் பக்கம் மணலில் மல்லிகை நாற்றுப் போடுகிறவர்களுக்கு எரு எப்போதும் தேவை.

தூய்மைக் காவலரை மறந்துவிட்டு வீட்டுக்கு மட்டும் ஊக்கம் கொடுப்பதும் தப்பு. சுத்தமாகப் பிரித்த ஒவ்வொரு பைக்கும் அவருக்கும் ஒரு தொகை போக வேண்டும். கொல்லம் பக்கம் தொழிலுக்குப் போய்வருகிற எங்கள் ஊர்க்காரர்கள் கேரளத்தின் ஹரிதகர்ம சேனையைப் பற்றிச் சொல்வார்கள். அங்கே கதை தலைகீழ்: வீட்டுக்காரர்தான் மாதம் 50 ரூபாய் போலக் கட்டணம் கொடுக்கிறார், குடும்பஸ்ரீ என்கிற மகளிர் குழுப் பெண்கள் வாசலுக்கு வந்து கழுவிக் காய்ந்த பிளாஸ்டிக்கை வாங்கிப் போகிறார்கள். சொன்ன நாளில் வந்து நிற்பதுதான் அவர்கள் பலம். அதே கொல்லம் நீண்டகரையில் 2017-லிருந்து மீனவர்கள் வலையில் ஏறுகிற பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அதைத் துருவி ரோட்டுக்குப் போடுகிறார்கள். பிளாஸ்டிக் கலந்து தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்து 2018-இல் பத்மஸ்ரீ வாங்கிய பேராசிரியர் வாசுதேவன் நம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிக்காரர். நம்மிடம் இருந்து போனதை நாம் கேட்டு வாங்குவதில் என்ன வெட்கம்?

நாங்கள் கொடுக்கிற பை எங்கே போகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் ரோட்டுக்குப் போகும். பல அடுக்குக் கவரை உருக்கி மறுபடி கவர் ஆக்குவது கஷ்டம். பெரும்பகுதி சிமெண்ட் ஆலை உலைக்கு எரிபொருளாகப் போகும். அது மறுசுழற்சி இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் கொல்லையில் அரைகுறையாக எரிவதைவிட, கடலுக்குள் கிடப்பதைவிட அது தேவலை. உண்மையைச் சொன்னால் எங்களுக்குப் புரியும். "உங்கள் கவர் புதுப் பொருளாக மாறுகிறது" என்று மட்டும் போஸ்டர் அடிக்காதீர்கள்.

பணம்? கவர் போட்டு விற்கிற கம்பெனிகள் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல் அதற்கு வருஷ இலக்கும் சான்றிதழும் வைத்தது. பல அடுக்குக் கவர் அதில் தனி வகையாகவே இருக்கிறது. இங்கே சேருகிற பைகளை ஒழுங்காகக் கணக்கு வைத்து, முறைப்படி பதிவு செய்த ஆலைகள் வழியாக அந்தக் கம்பெனிகளிடம் காசு கேட்க மாவட்ட நிர்வாகத்தால் முடியும். ஒற்றை ஊராட்சியால் முடியாது. பத்து ரூபாயில் எவ்வளவு அங்கிருந்து வரும், எவ்வளவு நீங்கள் போட வேண்டும் என்ற கணக்கு உங்களுடையது. விலையைப் பாதியில் நிறுத்துகிற நிலைமை வந்தால் மட்டும் ஆரம்பிக்கவே வேண்டாம். ஒரு தடவை ஏமாந்த கரை மறுபடி மூட்டை கட்டாது.

வலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை காசிமேட்டில் கழிவு வலையைக் காசுக்கு வாங்க ஒரு மையம் திறந்திருக்கிறார்கள். இவ்வளவு நீளக் கடற்கரை உள்ள நம் மாவட்டத்துக்கும் அது வேண்டும். மண்டபம், ராமேஸ்வரம், தொண்டி, மூக்கையூர் என்று வலை இறங்குகிற இடத்திலேயே வைத்தால் நல்லது.

எல்லா ஊரிலும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். தீவில் ஒரு ஊர், கீழக்கரை மாதிரி வீடு நெருக்கியடித்த இடத்தில் நாலு தெரு, அது போதும். ஏப்ரல் 15-இல் ஆரம்பியுங்கள். அன்றைக்குத்தான் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது: விசைப்படகு கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், வலையைப் பிரித்துச் சரிசெய்கிற வேலை நடக்கும், வெட்டிப் போட்ட வலைத்துண்டு தாராளமாகக் கிடைக்கும், பெண்கள் கையில் காசு இருக்காது. பை தைக்க எங்கள் குழுவில் தையல் மெஷின் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. பைக்கு என்ன கூலி என்பதை மட்டும் மார்ச்சுக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்; நூல் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
பாம்பன் தீவிலிருந்து
ஒரு குழுக் கணக்குக்காரி